ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு வரி

நாமக்கல்லில் லோடு ஏற்றி, தார்ப்பாய் மூடி, கயிறு இறுக்கி முடித்த பிறகும் லாரி கிளம்பிவிடாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு தளம் திறந்து, ஈ-வே பில் கைக்கு வந்தாக வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இது கட்டாயம். அந்தப் பில்லுக்கு ஆயுசும் உண்டு. சாதாரணச் சரக்கு என்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், காலாவதி ஆவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரைதான் நீட்டிக்க அனுமதி. நாக்பூர் பக்கம் நிற்கிற வண்டிக்காக நாமக்கல் டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ஒருவர் நள்ளிரவில் கீபோர்டு முன் உட்கார்ந்திருக்கிறார் என்றால் காரணம் இதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தளம் திறக்க மறுத்தால், ஹார்டுவேர் கடைக்காரருக்குப் போன் போகும்.

“அண்ணா, சைட்டு வரமாட்டேங்குதுங்க.”

“மத்ததெல்லாம் வருதுங்களா?”

“யூடியூப்பெல்லாம் ஓடுதுங்கண்ணா. இது ஒண்ணுதான்.”

“வைரஸா இருக்கும் தம்பி. காலைல கொண்டாங்க, ஃபார்மட் அடிச்சிரலாம்.”

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி என்று இந்தச் சமவெளியில் எந்த ஊர்க் கடைவீதியிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். ஃபார்மட் அடித்ததும் தளம் திறந்துவிடும். உடனே, வைரஸ்தான் காரணம் என்று இரண்டு பக்கமும் நம்பிவிடுவார்கள். ஆனால் அதற்குள் டேலி கணக்கு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள், பிரின்டர் டிரைவர் எல்லாம் போய், அவற்றைத் திரும்ப ஏற்ற இன்னொரு பகல் ஆகும். மற்ற தளங்கள் ஓடிக்கொண்டிருக்க ஒரே ஒரு தளம் மட்டும் திடீரென்று வராமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று டி.என்.எஸ் கேஷ். கம்ப்யூட்டர் தன் நினைவில் குறித்து வைத்திருக்கும் பழைய முகவரி அது. அதை அழிக்க ஒரு வரி போதும்; சில நொடி வேலை. அந்த வரியை எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடித்துப் பயனில்லை என்பது இணையத்தை நம்பித் தொழில் செய்கிற ஒவ்வொரு ஆபீஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் தட்டுகிற தளப் பெயரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. அதற்கு எண்ணாலான ஐ.பி முகவரி வேண்டும். இணையத்தின் தொடக்க காலத்தில் அதில் இணைந்திருந்த கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அந்தக் கோப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ் ஏற்பாட்டை வடிவமைத்தார். பதிலை எல்லாரும் ஒரே இடத்தில் வந்து கேட்காமல், படிப்படியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை அது. ஏ முதல் எம் வரை பெயரிடப்பட்ட 13 வேர் சர்வர்களில் ஒன்றிடம் ‘இன்’ என்று முடியும் பெயர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்கப்படும். அவர்களிடம் அந்தத் தளத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கப்படும். கடைசியில் எண் கிடைக்கும். இத்தனையையும் நமக்காகச் செய்வது இணைய நிறுவனத்தின் டி.என்.எஸ் சர்வர். கிடைத்த பதிலை அதுவும் குறித்துக்கொள்ளும், நம் கம்ப்யூட்டரும் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளிக்குக்கும் இந்தச் சுற்று முழுவதையும் சுற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கமும் சட்டென்று திறக்காது.

குறித்து வைத்த பதில் எவ்வளவு நேரம் செல்லும் என்பதும் பதிலோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு டி.டி.எல் என்று பெயர், கணக்கு நொடியில். 300 என்றால் ஐந்து நிமிடம், 86,400 என்றால் ஒரு நாள். நாமக்கல்லில் இருப்பவர்களுக்கு முட்டை விலையைச் சொன்னால் இது விளங்கிவிடும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு விலை அறிவிக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்வரை வியாபாரி ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் போன் போட்டு விலை விசாரிப்பதில்லை. கேட்டு வைத்த விலைக்கே விற்கிறார். வேலை வேகமாக நடக்கிறது. நடுவில் விலை மாறி, சேதி அவருக்கு வந்து சேராமல் இருந்தால் மட்டும்தான் சிக்கல். தளத்தை நடத்துபவர்கள் சர்வரை மாற்றுகிறபோதும் இதே கதைதான். புது முகவரி வந்துவிட்டது, நம் கம்ப்யூட்டர் டி.டி.எல் தீரும்வரை பழைய எண்ணுக்கே போய்த் திரும்புகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பார்ப்பது நல்லதும்கூட. விண்டோஸ் தேடல் கட்டத்தில் சி.எம்.டி என்று தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐ.பி.கான்ஃபிக் என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, அதை ஒட்டியே டிஸ்பிளே டி.என்.எஸ் என்று அடிக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. நடுவில் புள்ளியோ, சொன்ன அந்த ஓர் இடம் தவிர வேறு இடைவெளியோ கூடாது. என்டர் தட்டியதும் பட்டியல் ஓடும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ரெக்கார்டு டைப் என்று ஒரு வரி: 1 என்றால் பழைய வகை ஐ.பி முகவரி, 28 என்றால் புது வகை, 5 என்றால் ‘இந்தப் பெயருக்கு வேறொரு பெயர் இருக்கிறது, அங்கே போய்க் கேள்’ என்று பொருள். அதற்கும் கீழே டைம் டு லிவ் என்று ஓர் எண். அந்த எண்ணைக் கவனித்துவிட்டுச் சற்றுப் பொறுத்து அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். எண் குறைந்திருக்கும். 214 என்று இருந்தது 190 ஆகியிருக்கும். பூஜ்யத்தைத் தொட்டதும் அந்தப் பதிவே காணாமல் போகும். நாம் கை வைக்காமலேயே கேஷ் தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டிருப்பது நேரில் தெரியும். விண்டோஸ் இயல்பாக எந்தப் பதிலையும் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு வாரமாகத் திறக்காத தளத்துக்குக் கம்ப்யூட்டரின் கேஷைக் குற்றம் சொல்ல முடியாது. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அழிக்க வேண்டும் என்று முடிவு செய்தால், அதே கட்டளையில் டிஸ்பிளே என்று அடித்த இடத்தில் ஃப்ளஷ் என்று அடித்தால் போதும். ‘வெற்றிகரமாக அழிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். கோப்பு எதுவும் போகாது, பாஸ்வேர்டு மறக்காது, டேலிக்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸில் இதற்கு ரிசால்வ்-சி.டி.எல் என்ற கட்டளை இருக்கிறது. மேக்கில் டெர்மினல் வழியாகச் செய்யலாம். கட்டளை என்றாலே கை நடுங்குபவர்கள் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யலாம். கேஷ் இருப்பது தற்காலிக நினைவகத்தில்தான், மறுதொடக்கத்தில் அது போய்விடும். ஃபார்மட் அடித்ததும் தளம் திறந்தது எப்படி என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். கேஷ் அழிக்கச் சொன்னால் பலர் பிரௌசரின் ஹிஸ்டரி பக்கத்துக்குப் போய், கண்ணில் பட்ட கட்டங்களை எல்லாம் டிக் அடித்து அழித்துவிடுகிறார்கள். அங்கே அழிவது பார்த்த பக்கங்களின் படங்கள், லாகின் விவரம், சில சமயம் சேமித்து வைத்த பாஸ்வேர்டும். ஆபீஸில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே ஜி.எஸ்.டி லாகின் வைத்திருக்கும் இடங்களில் இதனால் ஒரு பகல் முழுவதும் பாழாகும். டி.என்.எஸ் கேஷ் அதுவல்ல. குரோமுக்கென்று தனியாக ஒரு டி.என்.எஸ் நினைவு இருப்பது உண்மைதான். முகவரிப் பட்டையில் குரோம், கோலன், இரண்டு சாய்கோடு, நெட்-இன்டர்னல்ஸ், ஒரு சாய்கோடு, ஹேஷ் குறி, டி.என்.எஸ் என்று வரிசையாக அடித்தால் அதை மட்டும் அழிக்கும் பொத்தான் வரும். பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸில் அழித்தும் குரோமில் பழையபடியே இருந்தால் இங்கே வந்து பாருங்கள்.

பழைய பதில் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். அதற்கு ஒரு சோதனை. கறுப்புத் திரையில் பிங் என்று அடித்துத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். முதல் வரியிலேயே அடைப்புக்குள் ஓர் எண் தெரியும். நம் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும் முகவரி அது. அரசுத் தளங்கள் பல பிங்குக்குப் பதில் தருவதில்லை, கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த முதல் வரி. அடுத்து என்.எஸ்.லுக்கப் என்று அடித்து அதே பெயரைக் கொடுங்கள். இந்தக் கட்டளை கம்ப்யூட்டரின் கேஷைப் பார்க்காமல் நேராக டி.என்.எஸ் சர்வரிடம் கேட்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அழிப்பதில் பயனில்லை. வேறு வேறாக இருந்தால் அழித்துப் பார்க்கலாம். கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய தளங்களுக்குப் பல முகவரிகள் மாறி மாறி வரும் என்பதால் அங்கே இந்தச் சோதனையை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே சர்வரில் ஓடும் சின்னத் தளங்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கும்.

திரையில் வரும் பிழைச் செய்தியையும் படித்துவிட வேண்டும். பெரும்பாலோர் அதை மூடிவிட்டுத்தான் போன் செய்கிறார்கள். குரோம் ‘என்.எக்ஸ்.டொமைன்’ என்று முடியும் செய்தியைக் காட்டினால் அந்தப் பெயருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள், டி.என்.எஸ் பக்கம் பார்க்கலாம். 404, 503 போன்ற எண்கள் வந்தால் நாம் சர்வரைத் தொட்டுவிட்டோம், கோளாறு அங்கே. மாதக் கடைசியில் ஊரே ஒரே தளத்தில் ஏறும்போது 503 வந்தால் ஆயிரம் முறை ஃப்ளஷ் அடித்தாலும் அது நகராது. ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வந்தால், முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய டெஸ்க்டாப்பில் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும்.

கேஷை அழித்தும் அதே பழைய எண் திரும்பத் திரும்ப வந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இ.டி.சி, அங்கே ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும். எலிசபெத் ஃபெயின்லர் காலத்துக் கோப்பின் வாரிசு அது. அதில் எழுதியிருப்பதைக் கம்ப்யூட்டர் யாரிடமும் கேட்காமல் நம்பும், ஃப்ளஷ் அடித்தாலும் உடனே மறுபடி ஏற்றிக்கொள்ளும். திருட்டு மென்பொருளை நிறுவும்போது அசல் நிறுவனத்தின் சர்வரை மறைக்க அதில் சத்தமில்லாமல் வரிகள் சேர்வதுண்டு. ஸ்டூடியோக்களிலும் டி.டி.பி கடைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தீய நிரல்களும் இதே இடத்தில்தான் கை வைக்கும்.

நம் கையில் எதுவுமே இல்லாத நாட்களும் உண்டு. 2025 அக்டோபர் 20, தீபாவளி. இந்திய நேரம் பகல் 12 மணியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஸ்னாப்சாட், கேன்வா என்று பல சேவைகள் உலகமெங்கும் தடுமாறின. அமேசானின் அமெரிக்க வர்ஜீனியா தரவு மையத்தில் டைனமோ டி.பி என்ற தரவுத்தளச் சேவைக்கான டி.என்.எஸ் பதிவு வெறுமையாகிவிட்டது. முகவரிகளைத் தானாகப் புதுப்பிக்கும் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதில் வந்த வினை. சர்வர்கள் உயிரோடு இருந்தன. அவற்றைத் தேடிப் போவதற்கான முகவரி மட்டும் இல்லை. நம் நேரம் 2.55 மணிவாக்கில் பதிவைச் சரி செய்தார்கள். ஆனால் எல்லாருக்கும் உடனே சரியாகவில்லை. ஆங்காங்கே கேஷில் தங்கிய தவறான பதில்கள் காலாவதி ஆக 3.10 வரை ஆனது என்று அமேசானே தன் அறிக்கையில் எழுதியது. மற்ற சேவைகளில் பாதிப்பு அதன் பிறகும் நீடித்தது. பகல் ஒன்றரை மணிக்கு வீட்டில் உட்கார்ந்து ஃப்ளஷ் அடித்தவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது, கேட்கும் இடத்திலேயே சரியான பதில் இல்லை.

2021 அக்டோபர் 4 இரவு இன்னும் மோசம். ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கின் டி.என்.எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் வாட்ஸ்அப் இல்லை. அன்று ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். இப்படியான நேரத்தில் பக்கத்து ஆபீஸுக்கோ வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கோ ஒரு போன் போட்டு “உங்களுக்கு வருதுங்களா?” என்று கேட்பது எந்தக் கட்டளையையும்விட விரைவான சோதனை. உங்கள் போனிலேயே வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். டேட்டாவில் திறக்கிறது, ஆபீஸின் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை என்றால் பழைய பதில் மோடத்திலோ இணைய நிறுவனத்தின் சர்வரிலோ இருக்கக்கூடும். மோடத்தை அரை நிமிடம் அணைத்துப் போடலாம். இணைய நிறுவனத்தின் கேஷை நம்மால் அழிக்க முடியாது. ஆனால் கேட்கும் இடத்தை மாற்றலாம்: நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ் சர்வராகக் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 கொடுத்தால் போதும். ஈ-வே பில்லுக்கு 2025 ஜூலை 1 முதல் இரண்டாவது தளம் ஒன்றும் இயங்குகிறது. ஒன்று திறக்காத இரவில் மற்றொன்றில் போய் முடித்துக்கொள்ளலாம். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள் இரண்டையும் புக்மார்க் செய்து வைப்பது அவசியம்.

மோடத்தைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். 2014 மார்ச்சில் டீம் கம்ரி என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடுகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் இருந்த சுமார் 3 லட்சம் ரௌட்டர்களுக்குள் யாரோ புகுந்து, டி.என்.எஸ் சர்வர் எண்ணைத் தங்கள் எண்ணாக மாற்றியிருந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டது வியட்நாம். இந்தியாவும் பட்டியலில் இருந்தது. இது நடந்தால் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை ஃப்ளஷ் அடித்தாலும் அடுத்த பதிலும் திருடனிடமிருந்துதான் வரும். பேங்க் தளத்தின் பெயரைச் சரியாகத்தான் தட்டுவீர்கள், போய்ச் சேருவது வேறிடமாக இருக்கும். கேஷுக்குள் பொய்ப் பதிலை எளிதாக நுழைக்கும் ஒரு புது வித்தையைப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி 2008-இல் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த ஜூலையில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து மென்பொருளைத் திருத்தின. ரௌட்டரில் இருக்கும் ஓட்டையை அப்படி யாரும் வந்து அடைத்துத் தரமாட்டார்கள். இணைப்புக் கொடுத்த அன்று அட்மின், அட்மின் என்று போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டு பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போதே டி.என்.எஸ் பகுதியில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, உங்கள் இணைய நிறுவனம் கொடுத்ததுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில ஆபீஸ்களில் தினமும் வழக்கமாக ஒரு ஃப்ளஷ் அடிக்கிறார்கள், நெட் வேகமாகும் என்று. அதனால் வேகம் கூடிவிடாது. நல்ல பதில்களும் சேர்ந்து போய், எல்லாத் தளத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டி வரும். நான்கு பேர் உட்காரும் பொதுக் கம்ப்யூட்டரில் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்பது கேஷ் பட்டியலில் தெரியும் என்பதால் அழிப்பவர்களும் உண்டு. அது நியாயமான காரணம்தான், ஆனால் இணைய நிறுவனத்தின் சர்வருக்குப் போன கேள்விகள் அதனால் மறைந்துவிடாது.

இனி, சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்களுக்கு. சேலத்துக் கொலுசுப் பட்டறை, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் கம்பெனி, பள்ளிபாளையத்து விசைத்தறி ஏற்றுமதி என்று இன்று எல்லாருக்கும் ஒரு தளம் இருக்கிறது. புதுப் பெயர் வாங்கிய அன்று, டி.என்.எஸ்ஸில் பதிவு ஏறும் முன்பே அதைத் தட்டித் தட்டிப் பார்க்காதீர்கள். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலும் கேஷில் பதியும். 1998-இலிருந்து அதற்கென்று முறையான விதியே இருக்கிறது. ஆர்வத்தில் முதலில் பார்த்தவர்களுக்குத்தான் தளம் கடைசியில் திறக்கும். சர்வரை மாற்றப் போகிறீர்கள் என்றால், இரண்டு நாள் முன்னதாகவே டி.டி.எல்லை 86,400-லிருந்து 300-க்கு இறக்கச் சொல்லுங்கள். பழைய டி.டி.எல்லோடு வெளியே போன பதில்கள் அதற்குள் காலாவதி ஆகிவிடும். மாற்றிய அன்று எல்லாரும் ஐந்து நிமிடத்தில் புது முகவரிக்கு வந்துவிடுவார்கள். பழைய சர்வருக்கு இன்னும் இரண்டு நாள் வாடகை கொடுத்து ஓடவிடுங்கள். மின்னஞ்சலுக்கான பதிவையும் அதோடு சேர்த்துக் கவனிக்கச் சொல்லுங்கள், ஆர்டர் மெயில் அதில்தான் வருகிறது. தளம் அமைத்துத் தருபவர் இதில் எதையும் செய்யாமல், மாற்றிய பிறகு “கஸ்டமரை கேஷ் கிளியர் பண்ணச் சொல்லுங்க சார்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நைரோபியிலிருந்து ரிக் விலை கேட்டு வருபவர் உங்களுக்காகக் கறுப்புத் திரையைத் திறந்து உட்காரமாட்டார்; அடுத்த கம்பெனியின் தளத்துக்குப் போய்விடுவார்.